மூலிகைக் குடிநீரும் கதிர்ச் சிகிச்சையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், உயர்தர விஞ்ஞானப் பிரிவின் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் இந்த மேடையில் கடைசியாக ஒன்றாக நின்றது ஒரு தமிழ்த்தின விழாவில். ஒருத்தி மறந்தால் மற்றவள் எடுத்துக் கொடுப்பது என்பது அன்றைய ஒப்பந்தம். இன்றைக்கும் அதுவேதான். எங்களில் ஒருத்தி இளைப்பாறும் வரை வைத்தியசாலையொன்றின் எக்ஸ்-கதிர்ப் பகுதியில் வேலை செய்தவள். மற்றவள் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்தவள். ஆனாலும் இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே பேசப் போகிறோம். சொல்ல வந்த விடயத்தில் எங்கள் தவறு ஒன்றும் இருக்கிறது. அதில் இருவருக்கும் சமபங்கு.

கதிர்ச் சிகிச்சை பெறும் பெண்கள் மூலிகைக் குடிநீர் குடிப்பது எங்கள் வீடுகளில் புதிதல்ல. துளசி, வில்வம், மஞ்சள், சீந்தில் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லுவார்கள். இவை கதிரின் தாக்கத்திலிருந்து உடம்பைக் காப்பாற்றும் என்று கைத்தொலைபேசியில் வரும் செய்திகளும் சொல்கின்றன. இதில் எவ்வளவு உண்மை, எங்கே உண்மை முடிந்து ஆசை தொடங்குகிறது என்பதைத்தான் இன்று விளங்கப்படுத்த முயல்கிறோம்.

ஒருகொடவத்தையில் ஓர் அலுவலகம்

பேஸ்லைன் வீதி வழியே களனிப் பாலத்தை நோக்கிப் போகிறவர்கள் ஒருகொடவத்தையைத் தாண்டித்தான் போக வேண்டும். கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் நகர மறுக்கும் இடம் அது. அங்கேதான் இலங்கை அணுசக்திச் சபை இருக்கிறது. 1969 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அணுசக்தி அதிகாரசபையாகத் தொடங்கி, 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம். அணுசக்தி என்றதும் பலருக்குக் குண்டுதான் நினைவுக்கு வரும். அங்கே நடக்கும் வேலைகளில் எங்களுக்கு நெருக்கமானது ஒரு சின்ன வேலை: வைத்தியசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் கதிர்ப்புடன் வேலை செய்கிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பட்ஜை வாசித்துச் சொல்வது.

அந்தப் பட்ஜுக்குள் ஒரு சிறு பளிங்குத் துண்டு இருக்கும். அதன்மேல் படும் கதிரின் சக்தியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னர் அதைச் சூடாக்கினால் பிடித்து வைத்த சக்தியை ஒளியாக விடும். ஒளியை அளந்தால், அந்த ஆள் எவ்வளவு கதிர் வாங்கினார் என்பது தெரியும். கதிர்ப்பு வேலை செய்பவருக்கு உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டொன்றுக்கு 20 மில்லிசீவெற்.

எங்களில் ஒருத்தி அந்தப் பட்ஜை எத்தனையோ ஆண்டுகள் அணிந்தாள். அவளுடைய அம்மா அதை ஒரு தாயத்துப் போலவே நினைத்திருந்தார். "பிள்ளை, அதைக் குத்தினியோ?" என்று கேட்டுத்தான் வெளியே விடுவார். ஆனால் பட்ஜ் காப்பாற்றாது. அது கணக்குச் சொல்லும், அவ்வளவுதான். காப்பாற்றுபவை மூன்று: கதிருக்குப் பக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், நடுவில் ஈயமோ கொங்கிறீட்டோ வைத்து மறைத்தல்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. சிகிச்சைக்காகக் கதிரை உடம்புக்குள்ளேயே செலுத்த வேண்டியவர்களுக்கு ஈயத்தட்டு முழுதாக உதவாது. அப்படியானால் உடம்புக்குள்ளேயே, கலங்களுக்குள்ளேயே ஒரு மறைப்பை வைக்க முடியாதா? எங்கள் வயதுக்குச் சற்றுக் கூடிய காலமாக விஞ்ஞானிகள் இதைத்தான் தேடி வருகிறார்கள்.

முதலில் விழும் காவலர்கள்

அயனாக்கும் கதிர் உடம்புக்குள் நுழைந்ததும் முதலில் சந்திப்பது பெரும்பாலும் நீரைத்தான். நீர் மூலக்கூறை அது உடைக்கும்போது ஐதரொட்சைல் மூலிகம் என்ற துண்டு பிறக்கும். அது அடுத்ததாகத் தொட்டதையெல்லாம் தாக்கும். எக்ஸ்-கதிரும் காமாக் கதிரும் டி.என்.ஏ.க்குச் செய்யும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியால்தான் வருகிறது. அந்த மூலிகத்தின் ஆயுளோ ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேண்டியிருக்கும்.

1906 இல் பிரெஞ்சு ஆய்வாளர்களான பேர்கோனியேயும் திரிபொண்டோவும் ஒரு விதி சொன்னார்கள். கெதியாகப் பிரிந்து பெருகும் கலங்களே கதிருக்குக் கூடுதலாகப் பாதிப்படையும் என்பது அது. என்புமச்சையும் குடலின் உட்சுவரும் முடி வேரும் இதனால்தான் முதலில் அடிபடுகின்றன. புற்றுநோய்க் கலங்களைக் கதிரால் கொல்ல முடிவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆனால் இந்த விதிக்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. எங்கள் குருதியிலுள்ள நிணநீர்க்குழியங்கள் பெரும்பாலும் பிரியாமல் சும்மா சுற்றிக்கொண்டிருப்பவை. கிருமிகளை அடையாளம் கண்டு, நினைவில் வைத்து, எதிர்த்து நிற்கும் காவலர்கள் இவை. அப்படியிருந்தும் உடம்பிலேயே கதிருக்கு ஆகக் கூடுதலாகப் பலியாகும் கலங்களில் இவையும் அடங்கும். டி.என்.ஏ. உடைந்தது தெரிந்ததும், பழுதுபார்ப்பதைவிடத் தங்களைத் தாங்களே முடித்துக்கொள்ளும் போக்கு இவற்றுக்குக் கூட.

1986 இல் செர்னோபில் விபத்து நடந்தபோது மொஸ்கோவில் நோயாளர்களைப் பொறுப்பேற்றவர் ஒரு பெண் வைத்தியர், அஞ்சலீனா குஸ்கோவா. அவர்களில் 134 பேருக்குக் கடுங்கதிர்ப்பு நோய் உறுதியானது. அவர்களுள் 28 பேர் முதல் சில மாதங்களில் இறந்தனர். யார் எவ்வளவு கதிர் வாங்கினார் என்று அறிய உதவியவற்றுள் ஒன்று நிணநீர்க்குழிய எண்ணிக்கை. முதல் ஓரிரு நாட்களில் அது எவ்வளவு விரைவாக விழுகிறதோ, வாங்கிய கதிர் அவ்வளவு அதிகம். ஒருகொடவத்தையில் வாசிக்கும் பட்ஜைப்போல, நாங்கள் ஒவ்வொருவரும் குருதிக்குள்ளேயே ஒரு பட்ஜைச் சுமந்து திரிகிறோம் என்று சொன்னால் பிழையில்லை.

கதிர்ச் சிகிச்சையில் முழு உடம்புக்கும் கதிர் கொடுப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு வழமையான முறை நாளுக்கு 2 கிறே வீதம் 25 நாட்கள், மொத்தம் 50 கிறே. இப்போது 15 நாட்களில் 40 கிறே கொடுக்கும் முறையும் பரவலாகிவிட்டது. ஒரே தடவையில் முழு உடம்பிலும் 4 கிறே பட்டால், சிகிச்சை இல்லாவிடின் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைப்பதில்லை. சிறு சிறு பங்காக, ஓரிடத்தில் மட்டும் கொடுப்பதால்தான் 50 கிறேயை உடம்பு தாங்குகிறது. அப்போதும் அந்த இடத்தினூடாக ஓடும் குருதியிலுள்ள நிணநீர்க்குழியங்கள் குறைகின்றன. இதனால்தான் சிகிச்சைக் காலத்தில் அடிக்கடி குருதி எடுத்துப் பார்க்கிறார்கள். இந்தக் காவலர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை நியாயமானது.

கண்ணாடிக் குழாயில் நடந்தது

1949 இல் அமெரிக்காவில் ஹார்வி பாட் என்பவரும் அவரது குழுவினரும், சிசுற்றீன் என்ற அமினோ அமிலத்தை எலிகளுக்குக் கொடுத்த பின் எக்ஸ்-கதிர் செலுத்தினால் கூடுதலான எலிகள் பிழைப்பதைக் கண்டார்கள். கதிருக்குப் பின்னர் கொடுத்தபோது பலன் இல்லை. பின்னர் அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான சேர்வைகளைச் சோதித்து அமிபொஸ்ரின் என்ற மருந்தை எடுத்தார்கள். கழுத்து, தலைப் பகுதிக் கதிர்ச் சிகிச்சையில் வாய் வறட்சியைக் குறைக்க 1999 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது குமட்டலையும் குருதி அமுக்க வீழ்ச்சியையும் உண்டாக்குகிறது. நஞ்சில்லாத ஒன்று வேண்டும் என்று தேடியவர்களின் கண் தாவரங்கள் மேல் விழுந்தது.

இந்தத் தேடலில் பெரும் பங்கு எங்கள் அயலில் நடந்தது. கர்நாடகத்தில் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் பி. உமாதேவியும் அவரது குழுவினரும் 1990களில் துளசி இலையை எடுத்தார்கள். அதிலிருந்து ஒரியன்ரின், விசெனின் என்ற இரண்டு பிளேவனொயிட்டுகளைப் பிரித்தார்கள். அவை கதிர் பட்ட எலிகளைக் காப்பதைக் காட்டிய பின்னர், 2001 இல் மனித நிணநீர்க்குழியங்களின் நிறமூர்த்தச் சேதத்தையும் அவை குறைப்பதைக் காட்டினார்கள். அதே மணிப்பாலில் ஜி. சி. ஜகேத்தியாவின் குழு 2003 இல் வில்வ இலைச் சாற்றைக்கொண்டு மனித நிணநீர்க்குழியங்களில் ஆய்வு செய்து, அதிலும் பாதுகாப்பைக் கண்டது.

எங்களுக்கு இன்னும் கிட்டவாக, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேணுகோபால் மேனனும் அவரது சக ஆய்வாளர்களும் 2005 இல் எள்ளைச் சார்ந்த சீசமோலையும், 2006 இல் மஞ்சளின் குர்குமினையும், அரிசித் தவிட்டிலுள்ள பெரூலிக் அமிலத்தையும் இதேபோல் சோதித்தார்கள். நல்லெண்ணெய், மஞ்சள், தவிடு எல்லாம் எங்கள் குசினிச் சாமான்கள். படித்தபோது எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தச் சோதனைகளில் பலவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தங்கைமாருக்காகச் சொல்கிறோம். ஒருவரின் குருதியிலிருந்து நிணநீர்க்குழியங்களை எடுத்துக் குழாயில் வளர்ப்பார்கள். ஒரு பகுதிக்கு மூலிகைச் சேர்வையை இடுவார்கள், மறு பகுதிக்கு இடமாட்டார்கள். ஏறத்தாழ அரை மணித்தியாலம் கழித்து இரண்டுக்கும் காமாக் கதிர் கொடுப்பார்கள். பின்னர் கலங்களைப் பிரியத் தூண்டுவார்கள். உடைந்த நிறமூர்த்தத் துண்டு, புதிய கருவுக்குள் சேராமல் பக்கத்தில் தனியே சிறு உருண்டையாக நிற்கும். மாலை கட்டும்போது நார் அறுந்தால் தனியே விழுந்து கிடக்கும் பூவைப்போல. அதற்கு நுண்கரு என்று பெயர். நுணுக்குக்காட்டியில் ஆயிரம் கலங்களை எண்ணி, எத்தனையில் நுண்கரு இருக்கிறது என்று பார்ப்பார்கள். மூலிகைச் சேர்வை இட்ட பகுதியில் நுண்கரு குறைந்திருந்தால் அது காப்பாற்றியது என்று பொருள். இந்தச் சேர்வைகளில் அப்படிக் குறைந்தது. இது பொய்யல்ல. பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடக்கூடியதும் அல்ல.

குழாய்க்கும் உடம்புக்கும் இடையில்

ஆனால் குழாயில் நடந்தது எங்கள் உடம்பிலும் நடக்க மூன்று படலைகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, நேரம். மூலிகத்தின் ஆயுளைச் சொன்னோம் அல்லவா? அது பிறக்கும் கணத்தில் காப்பு அந்தக் கலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால்தான் ஆய்வாளர்கள் கதிருக்கு முன்னரே சேர்வையை இட்டார்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து, "கதிரின் சூடு இறங்கட்டும்" என்று குடிக்கும் குடிநீர் காலையில் பிறந்த மூலிகத்தைப் பிடிக்காது. சாதாரண வெளிக்கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் உடம்பில் கதிர் தங்கியிருப்பதும் இல்லை. இயந்திரத்தை நிறுத்தியதும் கதிரும் முடிந்தது. பேரப்பிள்ளையைத் தூக்கப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, அளவு. அண்ணாமலை ஆய்வில் குர்குமினை மில்லிலீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் வரை இட்டார்கள். தாய்வானில் 2001 இல் வெளியான ஆய்வொன்றில் நாளுக்கு 8 கிராம் தூய குர்குமினை வாயால் கொடுத்துக் குருதியில் அளந்தார்கள். கிடைத்த உச்சம் அந்த 10 மைக்கிரோகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குடலும் ஈரலும் சேர்ந்து அதைப் பெரும்பாலும் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளில் இருப்பதோ ஏறத்தாழ 0.1 கிராம் குர்குமின்தான். 8 கிராம் வேண்டுமானால் நாளுக்கு எண்பது தேக்கரண்டி மஞ்சள். எங்கள் வீட்டு மீன்குழம்பில் அது முடியாது. மிளகு சேர்த்தால் குர்குமின் கூடுதலாக உறிஞ்சப்படும் என்பது உண்மைதான். ஆனால் அதே மிளகுச் சேர்வை வேறு சில மருந்துகளின் அளவையும் குருதியில் கூட்டிவிடும். வில்வத்திலும் ஒரு விடயம் இருக்கிறது. மணிப்பாலில் எடுத்தது இலைச் சாறு. நாங்கள் குடிப்பது காய்ந்த பெலிமல், அதாவது பூ. ஒரே மரந்தான், ஆனால் ஒரே மருந்து என்று சொல்ல முடியாது.

மூன்றாவது படலைதான் பெரியது. குடித்த காப்பு யாரைக் காக்கும்? நிணநீர்க்குழியத்தைக் காக்கும் ஒட்சியேற்ற எதிரி, புற்றுநோய்க் கலத்தைப் பார்த்து "நீ எதிரி, உனக்கு இல்லை" என்று சொல்லுமா? கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 540 பேரில் ஓர் ஆய்வு நடந்தது. 2005 இல் முடிவு வந்தது. அங்கே கொடுத்தது மூலிகை அல்ல, ஒட்சியேற்ற எதிரிகளான விற்றமின் ஈயும் பீற்றா கரோட்டீனும். இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் குறைந்தன. ஆனால் விற்றமின் எடுத்தோரிடையே புற்றுநோய் அதே இடத்தில் திரும்பி வருவது கூடும் போக்குத் தெரிந்தது. தொடர்ந்து கவனித்தபோது அவர்களிடையே இறப்பும் கூடியிருந்தது. வாய்ப்புண் குறைந்ததைக் கண்டு மகிழ்ந்த நோயாளிக்கு, கூடவே எது காப்பாற்றப்பட்டது என்பது அப்போது தெரியவில்லை.

மஞ்சளையும் மனிதரில் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 30 மார்பகப் புற்றுநோயாளரிடம் நடத்திய சிறு ஆய்வில், கதிரால் வரும் தோல் அழற்சியைக் குர்குமின் குறைத்தது என்று 2013 இல் அறிவித்தார்கள். நம்பிக்கையோடு அதையே 686 பேரிடம் செய்து பார்த்தார்கள். 2018 இல் முடிவு வந்தது: வெறும் மாத்திரைக்கும் குர்குமினுக்கும் வித்தியாசம் இல்லை. விஞ்ஞானம் இப்படித்தான் நடக்கும். முப்பது பேரில் தெரிந்தது அறுநூறு பேரில் மறையலாம்.

ஆகவே இன்று எங்களால் சொல்லக்கூடியது இதுதான். இந்தத் தாவரச் சேர்வைகளில் காப்பாற்றும் ஆற்றல் இருக்கிறது. அதை மருந்தாக்கும் வேலை இன்னும் முடியவில்லை. கதிர்ச் சிகிச்சை பெறுபவரின் நிணநீர்க்குழியங்களைக் காக்கும் மருந்து என்று நிரூபிக்கப்பட்ட குடிநீர் எதுவும் கடையிலும் இல்லை, குசினியிலும் இல்லை.

எங்கள் தோழியின் போத்தல்

இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்திக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் மார்பகப் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சை முடிந்து கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. நாங்கள் முறைவைத்துக் கூடப் போய் வந்தோம். அவளுடைய பையில் எப்போதும் ஒரு சுடுநீர்ப் போத்தல் இருக்கும். தேநீர் என்றே முதலில் நினைத்தோம். ஒருநாள் மூடியைத் திறந்தபோது மணம் காட்டிக் கொடுத்துவிட்டது. சீந்தில் தண்டும் துளசியும் இன்னும் எதெதுவோ போட்டுக் காய்ச்சிய கசாயம். "மச்சாள் ஊரிலையிருந்து அனுப்பினவ. இரத்தத்திலை வெள்ளை அணு குறையாதாம். ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ, டொக்டர் ஏசுவார்" என்றாள்.

நாங்கள் சொல்லவில்லை. ஒருத்தி கதிர்ப் பகுதியில் வேலை பார்த்தவள், ஒருத்தி உயிரியல் ஆசிரியை. இருவரும் சொல்லவில்லை. அவளுக்குப் பிடிமானம் ஒன்று வேண்டும், அதைப் பறிக்கக் கூடாது என்று எங்களுக்குள்ளேயே கதைத்து முடித்துக்கொண்டோம். மூலிகைதானே, என்ன செய்யப்போகிறது என்றும் நினைத்தோம்.

மூன்றாம் கிழமையில் எடுத்த குருதிப் பரிசோதனையில் ஈரல் நொதியங்கள் பல மடங்கு ஏறியிருந்தன. சிகிச்சையை நிறுத்தி வைத்தார்கள். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டதோ என்று வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். மஞ்சட்காமாலைக் கிருமிகளுக்குப் பரிசோதித்தார்கள். அவளுடைய மகள் அந்த நாட்களில் எப்படி இருந்தாள் என்பதை நாங்கள் இங்கே சொல்லப் போவதில்லை. ஒன்பது நாள் சிகிச்சை இல்லாமல் போனது. கதிர்ச் சிகிச்சையில் நாட்கள் விடுபடுவது சின்ன விடயம் அல்ல. அந்த இடைவெளியில் எஞ்சிய புற்றுநோய்க் கலங்கள் மீண்டும் பெருக இடம் கிடைக்கும்.

எட்டாம் நாள் நாங்கள் மூவருமாகப் போய் வைத்தியரிடம் போத்தலை வைத்தோம். அவர் ஏசவில்லை. "இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஸ்கேனுக்கு முன்னர் இதைத்தான் நிறுத்தச் சொல்லியிருப்பேன்" என்றார். குடிநீரை நிறுத்திய பின் நொதியங்கள் படிப்படியாக இறங்கின. குடிநீர்தான் காரணம் என்று அவர் அடித்து எழுதவில்லை. நிறுத்திய பின் இறங்கியது என்று மட்டும் எழுதினார். கொரோனாக் காலத்தில் நோயெதிர்ப்புக்கென்று சீந்தில் எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக மும்பை வைத்தியர்கள் 2021 இல் அறிவித்ததைப் பின்னர் படித்தோம். அது சீந்தில்தானா, அதைப்போன்ற வேறு கொடியா என்ற வாதமும் எழுந்தது. எங்கள் தோழியின் போத்தலில் இருந்தது எது என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வந்த காய்ந்த தண்டு. அவ்வளவுதான்.

அவள் சிகிச்சையை முடித்தாள். இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். "பெயர் வேண்டாம், கதையைச் சொல்லுங்கோ" என்று அனுமதி தந்தவளும் அவளேதான்.

பெயர் தெரியாததும் ஒரு காரணம்

ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று பின்னர் அவளைக் கேட்டோம். ஏச்சுக்குப் பயந்தது பாதிக் காரணம்தான். "தாதி சிங்களத்திலை கேட்டவ, வேறை என்ன மருந்து எடுக்கிறியள் எண்டு. சீந்திலுக்குச் சிங்களத்திலை என்ன எண்டு எனக்கென்ன தெரியும்? ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள்.

இந்தப் பதில் எங்களை வெட்கப்பட வைத்தது. கொழும்பில் பிறந்து வளர்ந்தவளுக்கே இப்படி என்றால், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் இங்கே சிகிச்சைக்கு வரும் பெண்களின் நிலை என்ன? ஆகவே இந்த மலரை வீட்டில் வைத்திருப்போருக்கு உதவட்டும் என்று சில பெயர்களைச் சொல்கிறோம். துளசிக்குச் சிங்களத்தில் மதுருத்தலா. வில்வம் பெலி. மஞ்சள் கஹ. இஞ்சி இங்குரு. வல்லாரை கொட்டுகொல. வேம்பு கொஹொம்ப. எள்ளு தல. மரமஞ்சள் வெனிவெல். சீந்தில் ரசகிந்த. பெயர் தெரியாவிட்டால் ஒரு துண்டை, ஓர் இலையை, அந்தப் பைக்கற்றையே கொண்டுபோய்க் காட்டுங்கள். வெட்கமில்லை.

எங்கள் வேண்டுகோள்

கொத்தமல்லித் தண்ணியைக் குடிக்க வேண்டாம் என்றோ, கறிக்கு மஞ்சள் போட வேண்டாம் என்றோ நாங்கள் சொல்லவில்லை. சாப்பாட்டில் இருக்கும் அளவு வேறு. மருந்தென்று நினைத்துச் செறிவாகக் காய்ச்சியோ, மாத்திரையாகவோ எடுப்பது வேறு. இரண்டாவது வகையில் எதை எடுத்தாலும், கதிர்ச் சிகிச்சை தொடங்க முன்னர் வைத்தியரிடம் சொல்லுங்கள். சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போகிறவர்கள் அவரிடமும் கதிர்ச் சிகிச்சை நடப்பதைச் சொல்லுங்கள். நோயாளியோடு கூடப் போகிறவர்கள் ஒரு கொப்பியில் அன்றன்று குடித்ததை எழுதி வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். ஒருகொடவத்தையில் வாசிக்கும் பட்ஜைப்போல அந்தக் கொப்பியும் யாரையும் நேரே காப்பாற்றாது. ஆனால் கணக்குச் சரியாக இருந்தால் காப்பாற்றுகிறவர்களுக்கு வழி தெரியும்.

சங்கத்திடமும் ஒன்று கேட்கிறோம். கிளினிக்குகளுக்குத் தனியே போகும் தமிழ்ப் பெண்களோடு கூடப் போய் மொழிபெயர்த்து உதவ, மாதத்தில் ஒரு நாள் தரக்கூடிய பழைய மாணவிகளின் பட்டியல் ஒன்றைத் தொடங்குவோம். முதல் இரண்டு பெயர்களும் எங்களுடையவை. மூன்றாவது பெயரைத் தான் தருவதாக எங்கள் தோழி நேற்றே சொல்லிவிட்டாள்.

விஞ்ஞானப் பிரிவுத் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. துளசியையும் வில்வத்தையும் மணிப்பாலில் பார்த்தார்கள். எள்ளையும் மஞ்சளையும் சிதம்பரத்தில் பார்த்தார்கள். எங்கள் பெலிமல்லை எடுத்து, இங்குள்ளவர்களின் குருதியில், கவனமாக எண்ணிப் பார்க்கும் வேலைக்கு நாளைக்கு உங்களில் ஒருத்தி போகலாம். போனால், முப்பது பேரில் தெரிந்ததை உடனே ஊருக்குச் சொல்லாமல், அறுநூறு பேரில் பார்க்கும் வரை பொறுத்திருங்கள்.

மறந்துபோனால் எடுத்துக் கொடுக்க ஒருத்தி பக்கத்தில் இருந்தபடியால்தான் நாங்கள் இவ்வளவும் சொல்லி முடித்தோம். நோயோடு நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில் அப்படி ஒருத்தி இருக்க வேண்டும். அவள் தெரிந்ததை மறைக்காமல் சொல்பவளாகவும் இருக்க வேண்டும்.